கையாட்டிவிட்டுப் போன அத்தை

அத்தைக்கு என் மேல் வருத்தம். பத்திரிகையில் பெயர் போடவில்லை, பந்தியில் கவனிக்கவில்லை என்கிற மாதிரி ஊருக்கே புரியும் வருத்தம் இல்லை இது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, மேலே இருந்த கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டியிருக்கிறார். "பட்டணத்துல இருக்கிற பிள்ளை பாக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டே ஆட்டியிருக்கிறார். அன்று ராத்திரி வரை என்னிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "பாத்தும் பாக்காத மாதிரி இருக்கான்" என்று முடிவு கட்டிவிட்டார். நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் நம்ப ஆள் இல்லை. ஏனென்றால், அந்தக் கேமராவை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்று அதற்கு முந்தின வாரம்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா போனபிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். சென்னைக்கு வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டேன். "உன் ஃபிளாட்டுல வாசலே இல்லையேடா" என்பாள். கதவைத் திறந்தால் லிஃப்ட், லிஃப்டைத் திறந்தால் கார் நிறுத்துகிற இடம். எங்கே கோலம் போடுவது, யாரிடம் இரண்டு வார்த்தை பேசுவது? அவள் சொல்வதும் சரிதான். அவளை அழைத்துவர முடியாததற்கு நான் செய்த பரிகாரம்தான் இரண்டு கேமரா. வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று. மாட்டிக்கொடுத்த தம்பி ஏணியிலிருந்து இறங்கும்போதே பெருமையாகச் சொன்னான்: "எறும்பு ஊர்ந்தாக்கூட உங்க போனுக்கு வந்துரும் சார்." எறும்பு ஊர்வதை நான் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதல் 24 மணி நேரத்தில் 214 அறிவிப்புகள் வந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். செம்பருத்திச் செடி ஆடியது. கொடியில் புடவை ஆடியது. பால்காரர் வண்டியின் முன்விளக்கு சுவரில் நகர்ந்தது. ஒரு மாடு வந்து நின்று, யோசித்து, போனது. மேகம் மூடியது, விலகியது. மனிதர்கள் வந்தது 19 தடவை. அந்த 19-லும் 12 அம்மாவேதான். இரண்டாம் நாள் 180 சொச்சம். மூன்றாம் நாள் ராத்திரி, ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் தலையணைக்கு அடியில் போன் ஒன்பது தடவை அதிர்ந்தபோது, ராத்திரி 11 முதல் காலை 5 வரை போன் வாயே திறக்கக் கூடாது என்று அதன் அமைப்பில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். திருடன் வரும் நேரம் என்று ஊரே நம்பும் ஆறு மணி நேரத்தில், காவலுக்கு வைத்தவனின் வாயை முதல் வேலையாகக் கட்டினேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஆறு வித்தியாசங்கள்

வாரப் பத்திரிகைகளில் ஒரே மாதிரி இரண்டு படம் போட்டு ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, சாதாரணக் கேமராவின் மோஷன் டிடெக்‌ஷன் அதைத்தான் செய்கிறது. இந்த நொடியின் படத்தையும் சற்று முந்தின படத்தையும் அடுக்கி வைத்து, எத்தனை புள்ளிகளின் வெளிச்சம் மாறியிருக்கிறது என்று எண்ணுகிறது. மாறியது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மணியடிக்கிறது. மாறியது இலையா, ஆளா, நிழலா என்ற கேள்வியே அதனிடம் கிடையாது. இது தெரியாமல் நான் எல்லாரையும் போல ஆப்பில் இருந்த சென்சிட்டிவிட்டி பட்டையை 80-லிருந்து 60-க்கும், பிறகு 30-க்கும் இழுத்தேன். பகலில் செடி அடங்கியது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒருநாள், சாயங்காலம் மங்கிய வெளிச்சத்தில் கறுப்புச் சட்டை போட்ட கேஸ் சிலிண்டர் பையன் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, சிலிண்டரை உருட்டி வைத்துவிட்டுப் போனதற்கு ஒரு சத்தமும் வரவில்லை. அதே ராத்திரி ஒரு சிலந்தி நூலுக்கு 40 அறிவிப்பு.

அப்போதுதான் அந்தப் பட்டையின் குணம் புரிந்தது. படத்தில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதுதான் அதற்கு முக்கியம். கேட்டருகே நிற்கும் ஆள் படத்தில் கட்டைவிரல் அளவு. லென்ஸுக்கு முன்னால் ஆடும் சிலந்தி நூல் படத்தில் பாதி. பட்டையை எவ்வளவு கீழே இழுத்தாலும் முதலில் தொலைவது ஆள்தான், சிலந்தி கடைசி வரை நிற்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒன்று போய்விடும் என்றால், பிரச்சினை பட்டையில் இல்லை.

பல்லி சொன்ன பலன்

ராத்திரியில் இந்தக் கேமராக்கள் லென்ஸைச் சுற்றி இருக்கும் அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொள்கின்றன. பெரும்பாலும் 850 நானோமீட்டர். கிட்டே போய்ப் பார்த்தால் மங்கலாகச் சிவப்பு தெரியும். சிக்கல் என்னவென்றால், விளக்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நம் மூக்கு நுனியில் டார்ச் கட்டிக்கொண்டு கொசுவத்திப் புகைக்குள் நடப்பது மாதிரி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்று பள்ளியில் படித்ததைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கேட் கேமராவிலிருந்து 5 மீட்டர். லென்ஸுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் பறக்கும் பூச்சி அதைவிட 50 மடங்கு கிட்டே இருக்கிறது. அதன் மேல் விழும் வெளிச்சம் 2500 மடங்கு. திருடன் எவ்வளவு முயற்சி செய்தாலும் அந்தப் பூச்சியோடு போட்டி போட முடியாது.

இதனால்தான் மழைத்துளி வெள்ளைக் கோடாக, தூசி நிலா மாதிரி உருண்டையாக, சிலந்தி நூல் தேர்வடம் மாதிரித் தெரிகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஈசல் கிளம்பியபோது ஒரு மணி நேரத்தில் 96 அறிவிப்புகள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு பல்லி, குடும்பத்தோடு, கேமராவின் கூரைக்கு அடியிலேயே குடியேறிவிட்டது. வெதுவெதுப்பு, பூச்சி சப்ளை, மழை படாத இடம், அதற்கு வேறென்ன வேண்டும்? ராத்திரி 2:40-க்கு வந்த ஒரு படத்தில் அதன் முன்னங்கால் மட்டும், ஐந்து விரலும் விரித்து, வாசல் முழுவதையும் மூடிக்கொண்டு நின்றது. விரல்களின் அடியில் இருந்த வரிகளை எண்ண முடிந்தது. மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அவள் பதற்றத்தோடு கேட்டது: "கத்துச்சா? எந்தத் திசையில கத்துச்சு?" நம் பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பலன் போட்டு வைத்திருக்கிறார்கள். லென்ஸில் விழுந்தால் என்ன பலன் என்று இன்னும் போடவில்லை. தூக்கம் போகும் என்று நான் எழுதித் தரத் தயார்.

தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது ஏணியைப் போட்டேன். கேமராவின் அகச்சிவப்பை ஆப்பில் அணைத்துவிட்டு, திண்ணையின் மறுகோடியில், கேமராவிலிருந்து பத்தடி தள்ளி, மஞ்சள் வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் போட்டேன். பூச்சிகள் பல்புக்குப் போயின. பூச்சிகளைத் தேடிப் பல்லியும் போனது. வெள்ளை பல்பைவிட மஞ்சளுக்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். இருட்டும்போதும் விடியும்போதும் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு வடிகட்டி நகர்ந்து, படம் வண்ணத்துக்கும் கறுப்பு வெள்ளைக்கும் மாறுமே, அந்த மாற்றத்தையே ஏதோ அசைவு என்று நினைத்து மணியடிக்கும் கூத்தும் அத்தோடு நின்றது. "திருடனுக்கு லைட்டு வேற போட்டுக் குடுக்கிறியா?" என்று அம்மா முணுமுணுத்தாள். கரண்டு செலவு அடுத்த குறை. ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட், 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்று கணக்குக் காட்டியபிறகு சம்மதித்தாள். அப்புறம் கேமராவின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்து, தெருவையும் எதிர் வீட்டு வாசலையும் படத்திலிருந்தே தள்ளினேன். எதிர் வீட்டு அக்கா வெகுநாளாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்த கேள்வி அது. இந்த இரண்டு வேலையிலேயே பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சம் சிலந்தி. அதற்கு வாரம் ஒருமுறை ஒட்டடைக்கம்பால் கேமராவைச் சுற்றி ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கக் கூடாதாம். வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

கொல்லைக் கேமரா வேறு ஜாதி. பேட்டரியில் ஓடுவது. அது படத்தை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்காது. முன்னால் ஒரு குமிழ் இருக்கும், உடம்புச் சூடு குறுக்கே நகர்கிறதா என்று அதுதான் கவனிக்கும், நகர்ந்தால் கேமராவை எழுப்பும். பிஐஆர் என்பார்கள். இலை ஆடினால் ஏமாறாது, பல்லிக்கும் அவ்வளவாக அசையாது. நேராகக் கேமராவை நோக்கி நடந்து வருபவரைவிடக் குறுக்கே போகிறவரைத்தான் நன்றாகக் கண்டுகொள்ளும் என்பதால், அதைக் கதவுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நல்ல சாமான்தான், சித்திரை வரை. அக்னி நட்சத்திரத்தில் வெயில் 38, 39 டிகிரி போகும்போது சுவரும் தரையும் மனித உடம்பும் ஏறக்குறைய ஒரே சூடு. வித்தியாசம் இல்லாத இடத்தில் அது எதைக் கண்டுபிடிக்கும்? பட்டப்பகலில் அம்மா துணி காயப்போட்டு எடுத்து வந்ததுகூட அதற்குத் தெரியவில்லை. குளிர்நாட்டு மூளை.

வரிக்குதிரை தெரியும், வெள்ளாடு தெரியாது

வாசல் கேமராவுக்கு மூளை வைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய லேப்டாப் ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்து, அதில் ஃப்ரிகேட் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். அசைவு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதில் இருப்பது என்ன என்று பெயர் சொல்லும். இப்படிப் பெயர் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பலவும் கோகோ என்ற படத்தொகுப்பை வைத்துப் பயின்றவை. 2014-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று வெளியிட்டது. அதில் 80 வகைப் பொருட்கள். பட்டியலைப் படித்தபோது சிரிப்பு வந்தது. வரிக்குதிரை உண்டு, ஒட்டகச்சிவிங்கி உண்டு, பனிச்சறுக்குப் பலகை உண்டு. வெள்ளாடு கிடையாது, குரங்கு கிடையாது, பல்லி கிடையாது, ஆட்டோ கிடையாது. கும்பகோணத்தில் வரிக்குதிரை வந்தால் உடனே சொல்லிவிடும். குரங்கு வந்தால் பூனை என்றோ நாய் என்றோ தோராயமாக ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும். எனக்கு வேண்டியது 'நபர்' ஒன்றுதான் என்பதால் மற்றதைத் தள்ளிவிட்டேன். கேட்டுக்கு உள்ளே தரையில் ஒரு எல்லை வரைந்தேன். அடையாளம் கண்ட உருவத்தைச் சுற்றி அது போடும் கட்டத்தின் அடிப்பக்க நடு, அதாவது கிட்டத்தட்டக் கால் இருக்கும் இடம், அந்த எல்லைக்குள் வந்தால்தான் கணக்கு. மதில் மேல் தலை தெரிந்தபடி தெருவில் போகிறவர்கள் இத்தோடு ஒழிந்தார்கள்.

துல்லியம் பற்றிக் கேமராப் பெட்டிகளில் போடும் சதவீதங்களை இப்போதெல்லாம் நான் படிப்பதில்லை. ஒரு கணக்கு. எங்கள் வாசலில் ஒரு நாளைக்கு 2000 அசைவு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒன்றில் மட்டுமே தவறுகிற அபாரமான கேமரா என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியும் நாளைக்கு 2 பொய், வருஷத்துக்கு 730. எனக்கு விவரம் தெரிந்து எங்கள் தெருவிலேயே திருடு போனது ஒரே தடவை, ஒரு பித்தளை அண்டா. முப்பது வருஷத்துக்கு ஒரு திருடன் வரும் தெருவில், எவ்வளவு கெட்டிக்காரக் கேமரா மணியடித்தாலும் அது அநேகமாகப் பொய்தான். கேமராவின் குற்றம் இல்லை, திருடர்கள் பற்றாக்குறை. அமெரிக்காவில் வீட்டு அலாரம் அடித்துப் போலீஸ் போய்ப் பார்த்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பொய்யாகவே இருந்ததால், 2000-ஆம் ஆண்டில் சால்ட் லேக் சிட்டி, யாராவது நேரில் பார்த்து உறுதிசெய்தால்தான் வருவோம் என்று சட்டமே போட்டது. புலி வருது கதையில் பையனைத்தான் எல்லாரும் திட்டுகிறோம். புலியே அபூர்வமான காட்டில் அவனை உட்கார வைத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

பெரிய இடத்துக் காவல்களும் இப்படித்தான். 1960 அக்டோபர் 5 அன்று, கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்தில் அமெரிக்கா புதிதாக வைத்திருந்த ரேடார், சோவியத் ஏவுகணைகள் வருகின்றன என்று கொலராடோவில் இருந்த தலைமையகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது. நார்வேக்கு மேலே நிலா உதயமாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ரேடார் அலை நிலாவரை போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகும். அத்தனை தாமதமாகத் திரும்பி வரும் எதிரொலியைத் தள்ளிவிடு என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. அன்று சோவியத் தலைவர் குருசேவ் நியூயார்க்கில் ஐ.நா. கூட்டத்தில் இருந்தார் என்பதால், அவர் இங்கே இருக்கும்போது ஏவுகணை எப்படி வரும் என்று கேட்கும் நிதானம் அங்கே சிலருக்கு இருந்தது. நிலாவைப் பார்த்துப் பயந்த ரேடாரே இருக்கும்போது, பல்லியைப் பார்த்துப் பயந்த என் கேமராவை மன்னிக்கலாம்.

பதினோரு நாள்

இவ்வளவும் செய்தபிறகு அறிவிப்புகள் நாளைக்கு ஆறு ஏழு என்று வந்து நின்றன. எல்லாம் அம்மா, பால்காரர், தபால்காரர். அம்மாவுக்கு வந்தவையும் தேவைதானா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, அந்த ஆறு ஏழும் நின்றுபோயின. முழு அமைதி. அவ்வப்போது ஆப்பைத் திறந்தால் கேமராப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, 'ஆன்லைன்'. ஆபீஸ் வேலை கழுத்தை நெரித்த வாரம் அது. சத்தம் வராததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குழுவில் எழுதினேன்: "214-லிருந்து பூஜ்யம். சென்சிட்டிவிட்டியைத் தொடாமலேயே சாதித்தது எப்படி என்று வேண்டுவோர் கேட்கலாம்." இரண்டு மாமாக்கள் கைதட்டும் படம் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அம்மா போனில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, "அத்தை உன் கேமராவுக்குக் கையாட்டிட்டுப் போனாங்களே, ஏண்டா ஒரு வார்த்தை கேக்கல? ரொம்ப மனசு கஷ்டம் அவங்களுக்கு" என்றாள். எப்போது என்றேன். "செவ்வாக்கிழமை." கேமராவை நேரடியாகத் திறந்தேன். சன்ஷேடின் அடிப்பக்கம் தெரிந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு வட்டம், பக்கத்தில் காலியான குளவிக்கூடு. மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் படம் துல்லியமாக, ஒரு புள்ளி இரைச்சல்கூட இல்லாமல் இருந்தது. பின்னோக்கி ஓட்டினேன். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள், எல்லாம் அதே குளவிக்கூடு. பதினோரு நாள் பின்னால் போனபோது ஒரு வியாழக்கிழமை காலை, 10:20-க்கு ஒட்டடைக்கம்பின் துடைப்ப நுனி படத்துக்குள் வந்தது. லென்ஸை ஒரு தடவை தடவியது, இரண்டு தடவை தட்டியது, வாசல் அப்படியே கீழே சரிந்து மறைந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே அம்மா அக்கறையாகத் தட்டியிருக்கிறாள். மூக்கு வானத்தைப் பார்த்துவிட்டது. நான் போட்ட வடிகட்டிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. சன்ஷேடில் நபர்கள் யாரும் நடமாடவில்லை.

அத்தை கையாட்டியதைவிட அந்தப் பதினோரு நாள் நான் அனுபவித்த நிம்மதிதான் என்னைக் குடைந்தது. அமைதியை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்காத வாசலும் ஒன்றுமே பார்க்காத கேமராவும் என் போனில் ஒரே மாதிரி இருக்கின்றன. பொய்யைக் குறைக்க நான் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் இந்த இரண்டையும் இன்னும் நெருக்கமாகக் கொண்டுவந்து ஒட்டியிருந்தது. 214 வந்த காலத்தில் கேமரா திரும்பியிருந்தால், ஒரே ராத்திரியில், ஏன் சத்தமே இல்லை என்று கேட்டிருப்பேன்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஒரு கூர்க்கா வருவார். ராத்திரி பன்னிரண்டுக்கு ஒருமுறை, இரண்டு இரண்டரைக்கு ஒருமுறை. மாத முதல் வாரம் வீடு வீடாகச் சல்யூட் அடித்துப் பணம் வாங்கிப் போவார். திருடனைப் பிடித்ததாக வரலாறு இல்லை. அவர் செய்ததெல்லாம் தடியைத் தரையில் தட்டி விசில் ஊதிக்கொண்டு நடந்ததுதான். விசில் ஊதிக்கொண்டு போனால் திருடன் உஷாராகிவிட மாட்டானா என்று கேட்டதற்கு அப்பா சிரித்தார். பாட்டி அந்த விசிலுக்கு விழித்ததே இல்லை. அது வராத ராத்திரிகளில்தான் எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கு விசில் கேக்கலையே" என்பாள். மறுநாள் விசாரித்தால் அவருக்குக் காய்ச்சல் என்று தெரியும். ஒன்றும் நடக்காதபோது சத்தம் போடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நானோ, ஒன்றும் நடக்காதபோது வாயைத் திறக்கவே கூடாது என்று என் காவல்காரனுக்கு மூன்று மாதம் பாடம் எடுத்திருந்தேன்.

கேமராவுக்கு விசில் வேண்டும். கணினிக்காரர்கள் இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சர்வர்களுக்கு எல்லாரும் வைப்பதுதான்: உயிரோடு இருக்கிறேன் என்று நேரத்துக்கு நேரம் ஒரு துடிப்பு, அது வராவிட்டால் மணி. ஆனால் 'ஆன்லைன்' என்ற துடிப்பு பதினோரு நாளும் வந்துகொண்டுதான் இருந்தது. கேமரா வாசலைப் பார்க்கிறது என்பதற்கு, வாசலில் தினமும் தவறாமல் நடக்கும் ஏதோ ஒன்றுதான் சாட்சி சொல்ல முடியும். எங்கள் வாசலில் அப்படி ஒன்று நாற்பது வருஷமாக நடக்கிறது. காலை 5-லிருந்து 7-க்குள் வாசலில் ஒரு நபர் தெரியாவிட்டால் 'கோலம் இல்லை' என்று எனக்குச் சொல், தெரிந்தால் ஒன்றும் சொல்லாதே என்று, வீட்டுச் சாதனங்களை இணைத்து ஓட்டும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளில் விதி எழுதினேன். மூக்கை நேராக்கி, திருகாணியை இந்தத் தடவை நன்றாக இறுக்கினேன். தேவையில்லை என்று நான் தள்ளப் பார்த்த 'பொய்' அறிவிப்புதான் கடைசியில் கூர்க்காவானது.

அதிலும் ஒரு வேடிக்கை. முதல் வாரம் பதிவுகளைப் பார்த்தால், அம்மா வாளியோடு வந்து நிமிர்ந்து நின்று சாணித் தண்ணீர் தெளிக்கும்போது 'நபர், 84 சதவீதம்'. குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்ததும் 'நாய், 61'. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டாக மடிந்து, முதுகு தெருவைப் பார்க்க ஒரு உருவம் கால் மணி நேரம் மெல்ல நகர்வதை அந்தக் கோகோ படத்தொகுப்பில் அது அதிகம் பார்த்திருக்காது. அவள் நிமிர்ந்து கோலத்தைத் தள்ளி நின்று பார்க்கும் அந்த நாலு விநாடியில் மறுபடி நபர் ஆகிவிடுகிறாள். இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மார்கழி முதல் தேதி காலை 7 மணிக்குப் போன் அலறியது. 'கோலம் இல்லை.' கேமராவைக்கூடத் திறக்கவில்லை, நேரே அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எதிர் வீட்டு அக்காவுக்குப் போட்டேன். அவர் ஓடினார். அம்மா அடுப்படியில் வெண்பொங்கலுக்கு நெய் காய்ச்சிக்கொண்டிருந்தாளாம். "மார்கழின்னு தெரியாதா? நாலே கால் மணிக்கே போட்டாச்சு, பூசணிப்பூ வெச்சாச்சு. காலண்டர் பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு கேமரா?" என்றாள். பக்கத்தில் அக்கா மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மார்கழிக்கு மட்டும் விதியை 4 மணியிலிருந்து என்று மாற்றினேன்.

வைகுண்ட ஏகாதசியன்று எந்தச் சத்தமும் வரவில்லை. விடிகாலையிலேயே நபர், பிறகு நாய், பிறகு நபர், எல்லாம் முறைப்படி. ஒன்பது மணிக்குச் சும்மா பேசலாம் என்று அழைத்தேன். போனில் ஒரே இரைச்சல், கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம்.

"எங்கம்மா இருக்க?"

"ஸ்ரீரங்கத்துலடா. தெருவுல எல்லாரும் வேன் வெச்சு வந்திருக்கோம். சொர்க்கவாசல் பாத்தாச்சு."

"அப்ப கோலம் யாரு போட்டா?"

"எதிர் வீட்டு அக்கா வரல. அவளைத்தான் நம்ம வாசலுக்கும் போடச் சொன்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"யார்கிட்ட?"

"உன் கேமராகிட்டதான்."

போனில் தேடினேன். ராத்திரி 1:10-க்கு 'நபர்' என்று ஓர் அறிவிப்பு, திறக்கப்படாமல் கிடந்தது. 11 முதல் 5 வரை வாய் திறக்காதே என்று என்றைக்கோ எழுதிவைத்ததை நான் மாற்றவே இல்லை. படத்தைத் திறந்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் அம்மா வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். கேட்வரை போனவள் திரும்பி வருகிறாள். கேமராவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறாள். பையைக் காட்டுகிறாள், கைகூப்பிக் காட்டுகிறாள், மேற்கே கை நீட்டுகிறாள். புரிந்ததா என்பது போல் ஒரு விநாடி காத்திருக்கிறாள். தெருவில் வேன் ஹாரன் அடிக்கிறது. இரண்டு தடவை கையாட்டிவிட்டுப் போகிறாள்.